மலை விளிம்பில் மரவீடு: ஏற்காட்டில் ஓர் இரவு தங்க

ஏற்காட்டில் மரவீட்டுக்குப் பதிவு செய்யப் போகிறவர் தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அது என்ன மரம்ங்க?" என்பது. வாடகை, சாப்பாடு, வெந்நீர் எல்லாம் அதற்கு அப்புறம். நடத்துகிறவருக்கு மரத்தின் பெயர் தெரிந்திருந்தால், அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கடைசியாக எப்போது கிளை கழித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்த வீட்டை அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று நம்பலாம். "பெரிய மரம்தாங்க, ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் பதில் வந்தால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

சேர்வராயன் மலையின் விளிம்பில், வசதி குறைந்த எளிய மரவீட்டில் ஓர் இரவைக் கழிக்க நினைப்பவர்களுக்கானது இந்த அத்தியாயம். குளிர்சாதனமும் கண்ணாடிச் சுவரும் வைத்த சொகுசு மரவீடுகளும் தமிழக மலைகளில் வந்துவிட்டன. அவற்றில் தங்குவது நல்ல விடுதியில் தங்குவது போலத்தான், தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. பலகைத் தரை, ஓலை அல்லது தகரக் கூரை, ஏணிப்படி, கீழே தனியாகக் கழிவறை என்று இருக்கும் வீட்டுக்குத்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய உள்ளன.

பரண் சொல்லிக் கொடுப்பது

மலையில் தரைக்கு மேலே உயரத்தில் படுப்பது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. வள்ளி தினைப்புனம் காத்தது பரண் மேல் நின்றுதான். இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளிப் பழங்குடியினர் (பெயர் அப்படியிருந்தாலும் தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு) சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறவர்கள். கதிர் முற்றும் நாளில் காட்டுப்பன்றியிடமிருந்து கொல்லையைக் காக்க மலைக்காட்டு உழவர்கள் எல்லா ஊர்களிலும் பரண் போட்டே இரவைக் கழித்தார்கள். கேரளத்தில் வயநாட்டிலும் இடுக்கியிலும் யானைக்கு எட்டாத உயரத்தில் கட்டிய ஏறுமாடங்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பரணின் இலக்கணம் எளிமையானது. ஒருவரோ இருவரோ படுக்கலாம். மூங்கிலும் கொடியும் கொண்டு கட்டியதால் எடை குறைவு. காற்று ஊடே புகுந்து போகும், அதனால் காற்றோடு மோதி நிற்காது. இன்றைய மரவீட்டை மதிப்பிடவும் இதே அளவுகோல் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். சிறியதாக, எடை குறைந்ததாக, காற்றுக்கு வழிவிடுவதாக இருக்கும் வீடு நல்ல வீடு. பத்துப் பேர் பிறந்தநாள் கொண்டாடலாம் என்று விளம்பரம் செய்யும் வீடு, எவ்வளவு தடித்த மரத்தில் இருந்தாலும், எனக்கு உவப்பானது இல்லை.

மரமும் தூணும்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வேரூன்றியது. அன்று தொடங்கிய எஸ்டேட்டுகள்தான் இன்றும் மலையின் பெரும்பகுதி. விளிம்பை ஒட்டிய நிலமும் பல இடங்களில் காப்பித் தோட்டமே. ஆகவே நீங்கள் தங்கப்போகும் மரம் பெரும்பாலும் காப்பிக்கு நிழல் தரும் மரமாக இருக்கும்.

நிழல் மரங்களில் அதிகம் கண்ணில் படுவது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நெட்டுக்குத்தாக வளரும், அதில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள். மிளகுக்கு அருமையான மரம், வீட்டுக்கு ஆகாத மரம். அதன் கிளைகள் பலத்த காற்றில் முறியும் இயல்புடையவை. தைல மரத்துக்கும் இதே குறை உண்டு. பலா, மா, நாவல் போன்ற கட்டை உறுதியான, வேர் பரந்த மரங்கள் மேல். பலா மரத்தில் வீடு இருந்தால் காய்க்கும் பருவத்தில் ஏணிக்கு நேர் மேலே காய் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பையை இறக்கிவைத்துவிட்டு, ஏறுவதற்கு முன் வீட்டுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். நான் இந்த ஐந்து நிமிடத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டின் எடை எதன் மேல் நிற்கிறது? பல வீடுகள் உண்மையில் இரும்புத் தூணிலோ கான்கிரீட் தூணிலோ நிற்கும், மரம் நடுவே சும்மா ஊடுருவிப் போகும். இதில் ஏமாற்றம் கொள்ள ஏதுமில்லை, மலை விளிம்பில் அது கூடுதல் பாதுகாப்பு. அப்படியானால் மரத்துக்கும் பலகைக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். மரம் காற்றில் ஆடும், தூண் ஆடாது. இடைவெளி இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆட்டத்திலும் மரம் தரையை இடித்து ஆணிகளைத் தளர்த்திக்கொண்டே இருக்கும்.

மரத்தின் மேலேயே எடை நிற்கிறது என்றால் எப்படிப் பிணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நெருக்கமாக அடித்த பத்து ஆணிகளை விட ஒரே ஒரு தடித்த போல்ட் மரத்துக்கு நல்லது. ஆணி ஒவ்வொன்றும் ஒரு காயம். காயங்கள் நெருங்கி இருந்தால் அந்த இடமே உளுத்துப்போகும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரவீடு கட்டிய மைக்கேல் கார்னியர் பெயரால் வழங்கும் பருமனான இரும்புத் தாங்கி இந்தக் கணக்கில் உருவானதுதான். ஒரே துளை, அதில் டன் கணக்கில் எடை. இரண்டு மரங்களை இணைத்துக் கட்டிய வீட்டில் ஒரு முனை வழுக்கி நகரும்படி இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு மரங்கள் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டியிருந்தால் காற்று நாளில் அங்கே ஏறாதீர்கள்.

அடிமரத்தைச் சுற்றிக் கம்பியை வரிந்து கட்டியிருப்பது இன்னொரு கெட்ட அடையாளம். இலை சமைக்கும் உணவு பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கின் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி அதை நெரிக்கும். மேலே பச்சையாகத் தெரியும் மரத்தின் வேர் பட்டினி கிடக்கும். அடிப்பகுதியில் காளான் முளைத்திருந்தாலோ, தட்டும்போது பொந்து ஓசை கேட்டாலோ, வேர்ப் பக்கம் மண் விரிந்து வெடித்திருந்தாலோ நயமாகச் சொல்லிவிட்டுத் தரையில் உள்ள அறை ஒன்றை மாற்றிக் கேளுங்கள். எஸ்டேட் மேஸ்திரிகள் மரம் அறிந்தவர்கள். "அண்ணா, இந்த மரம் காத்துக்குத் தாங்குமாங்க?" என்று அவர்களிடம் கேட்டால் முதலாளி சொல்லாததையும் சொல்வார்கள்.

விளிம்பும் திசையும்

சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் மிகப் பழைய, கடினமான பாறையால் ஆனது. அதன் உச்சித் தட்டுகளில் பாக்சைட் படிவம் உண்டு, அலுமினியத்துக்காக அதைத் தோண்டியும் எடுத்தார்கள். பயணிக்கு இதில் உள்ள செய்தி, பாறை உறுதியானது, அதன் மேல் மூடியிருக்கும் செம்மண் அப்படி இல்லை என்பது. மழையில் ஊறினால் செம்மண் பாறையின் மேல் வழுக்கி இறங்கும். தூண் பாறையில் துளைத்து நிறுத்தியதா, மண்ணில் குழி தோண்டி நட்டதா என்று கேளுங்கள். பள்ளத்தாக்கின் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனி மண்ணில் நட்ட தூணை நம்பி இருந்தால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த வீடு வேண்டாம்.

திசையைப் பொறுத்து இரவின் சுவையே மாறும். லேடீஸ் சீட் இருக்கும் தென்மேற்கு விளிம்பில் சூரியன் மறைவதையும், இருட்டியதும் சேலம் நகரம் விளக்கு விளக்காக விரிவதையும், மலைப்பாதையில் வண்டிகள் வளைந்து ஏறுவதையும் பார்க்கலாம். வானம் தெளிந்த நாளில் மேட்டூர் நீர்த்தேக்கமும் தெரியும். பகோடா பாயின்ட் இருக்கும் கிழக்கு விளிம்பில் விளக்குகள் குறைவு, விண்மீன் அதிகம், விடியல் நேராக முகத்தில் விழும். எனக்குக் கிழக்குதான் பிடிக்கும். மரவீட்டுக்கு வருகிறவர் நகரத்தை விட்டு வந்தவர், இரவு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் பக்கத்து நியாயம். ஆனால் சின்னப் பிள்ளைகளுடன் போகிறவர்கள் மேற்கைத் தேர்ந்தெடுக்கலாம், கீழே வெளிச்சம் தெரிந்தால் அவர்கள் பயப்பட மாட்டார்கள்.

புகழ்பெற்ற காட்சிமுனையை ஒட்டிய வீட்டில் இன்னொரு தொல்லை உண்டு. பாலிக்கு அருகே நுசா பெனிடா தீவில், கடலைப் பார்த்த செங்குத்துப் பாறையின் மேல் எளிய மரவீடுகள் இருக்கின்றன. உலகம் முழுக்க அவற்றின் படம் பரவியதால், பகலில் அங்கே ஏறிப் படம் எடுக்க வரிசை நிற்கிறது. தங்க வந்தவருக்கு அந்த இடம் சொந்தமாவது மாலைக்குப் பிறகுதான். ஏற்காட்டிலும் மே மாதக் கோடை விழா நாட்களிலும் சனி ஞாயிறுகளிலும் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் சுற்றுவட்டாரத்தில் ஹாரன் சத்தம் இருட்டும் வரை ஓயாது. நாகலூர், வாழவந்தி, மஞ்சகுட்டை போன்ற உள்ளூர்ப் பக்கங்களில் தேடுங்கள். அமைதிக்காகவே போகிறீர்கள் என்றால் பத்துக் கிலோமீட்டர் கூடுதல் பயணம் பெரிதல்ல.

எப்போது போகலாம்

ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை சிறந்த காலம். மழை ஓய்ந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், வானம் கழுவிவிட்டது போல் இருக்கும். மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து சில நாட்களில் காப்பி பூக்கும். செடி முழுக்க வெள்ளை, மல்லிகையை ஒத்த மணம். இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். எஸ்டேட்டில் தெரிந்தவர் யாராவது இருந்தால், "மழை விழுந்ததும் ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லி வையுங்கள். காப்பிப் பூ மணம் கீழிருந்து எழுந்து வரும் இரவில் மரவீட்டில் படுத்திருப்பதற்கு இணையாக இந்த மலையில் வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் சேலத்தை விட எட்டு டிகிரி குளிர். மார்கழியிலும் தையிலும் இரவு வெப்பம் 13 டிகிரி அளவுக்கு இறங்கும். அறைக்குள் இது பெரிய குளிர் இல்லை. பலகை இடுக்கு வழியாகக் கீழிருந்தும் காற்று வரும் மரவீட்டில் குளிர் முதுகிலிருந்து ஏறும். மேலே இரண்டு போர்வை போர்த்துவதை விட ஒன்றை மடித்துக் கீழே விரிப்பது பலன் தரும். மங்கி கேப், முழுக்கைச் சட்டை, காலுறை போதும்.

விளிம்புக் காற்றுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. பகலில் சமவெளி சூடாகி, காற்று சரிவு வழியாக மேலேறும். பிற்பகலில் மேகம் திடீரென்று வந்து வீட்டை மூடுவது அதனால்தான். இரவில் மலைத்தட்டு குளிர்ந்து, காற்று திரும்பிக் கீழே வழியும். இடையில், சூரியன் மறைந்த பின் சற்று நேரம் இலை அசையாது. இரவுச் சாப்பாட்டை முடித்து, கீழே இறங்கும் வேலைகளையும் முடித்துக்கொள்ள அந்த நேரம் தோதானது.

ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் கோடை இடிமழைக் காலம். மலை விளிம்பில் தனித்து நிற்கும் உயர்ந்த மரம் மின்னலுக்கு எளிய இலக்கு. மின்னல் வெட்டியதற்கும் இடி கேட்பதற்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, இறங்கி விடுங்கள். கான்கிரீட் கட்டடத்துக்குள் போங்கள், அது இல்லாவிட்டால் கதவு மூடிய காருக்குள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே திரும்ப ஏறலாம். இதில் சமரசமே வேண்டாம். நள்ளிரவில் இறங்க வேண்டி வந்தால் எங்கே போய் உட்காருவது என்பதைப் பதிவு செய்யும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஓர் இடம் தர முடியாத விடுதி கோடையில் மரவீட்டை வாடகைக்கு விடவே கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஏறும் முன்

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது போய்ச் சேருங்கள். சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் முப்பது கிலோமீட்டர் அளவு. வாந்தி வருகிறவர்கள் சேலத்தில் அளவாகச் சாப்பிட்டு, முன் இருக்கையில் உட்காருங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை. எவர்சில்வர் பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள். விளிம்பிலிருந்து தவறி விழும் குப்பையை யாராலும் இறங்கி எடுக்க முடியாது.

குழந்தைகள் உடன் வந்தால் கைப்பிடிச் சுவரை அளந்து பாருங்கள். குறைந்தது ஒரு மீட்டர் உயரம், கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கிடைமட்டமாகக் கட்டிய கழிகள் குழந்தைக்கு ஏணியாகிவிடும், செங்குத்துக் கழிகள்தான் சரி. நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு விளிம்பு மரவீட்டில் தங்காதீர்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் ஏறிவிடுவார்கள், இறங்குவதுதான் அவர்களுக்குச் சிரமம். பகலில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

எத்தனை பேருக்கான வீடு என்று கேட்டு, அந்த எண்ணிக்கையை மீறாதீர்கள். ஆட்டம் பாட்டம் வேண்டாம். ஒரே தாளத்தில் பலர் குதிக்கும்போது பலகைக்கு வரும் அழுத்தம் அவர்கள் எடையை விடப் பல மடங்கு.

கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் மேலே ஏறக் கூடாது. ஓலையும் பலகையும் காற்றும் சேர்ந்த இடத்தில் நெருப்புக்கு நிமிடங்கள் போதும், இறங்கும் வழியோ ஒன்றே ஒன்று. தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், சில்லறை நோட்டுகள், வழக்கமான மாத்திரைகள், சிறு முதலுதவிப் பை இவை மட்டும் மேலே வரட்டும். சூட்கேஸை அலுவலக அறையில் விட்டுவிடுங்கள்.

இரவில்

சாப்பாட்டைக் கீழேயே முடியுங்கள். பிஸ்கட், வாழைப்பழம் உட்பட எதையும் திறந்து வைக்காதீர்கள். விடிந்ததும் குரங்குகள் வரும், இரவில் மரநாய் வரும். காப்பிப் பழம் தின்னும் மரநாய் கூரை மேல் ஓடும்போது ஆள் நடமாட்டம் போலவே கேட்கும். தெரிந்திருந்தால் பயமில்லை. பலகை முனகும், இணைப்புகள் கிறீச்சிடும், மரம் ஆடும்போது வயிற்றில் மெல்ல ஓர் அசைவு தெரியும். இவை எல்லாம் இயல்பு. 'டப்' என்று வெடிப்பது போன்ற ஒலியோ, தரை ஒரு பக்கம் தாழ்ந்த உணர்வோ வந்தால் தயங்காமல் இறங்குங்கள்.

இந்த மலையில் யானை இல்லை, காட்டெருமை உண்டு. முழு வளர்ச்சியடைந்த காளை ஆயிரம் கிலோவை நெருங்கும். காப்பித் தோட்டங்களுக்குள் மேய்ச்சலுக்கு வந்துபோகும். உங்கள் மரத்துக்கு அடியிலேயே வந்து நின்றாலும் வியப்பில்லை. மேலே இருக்கும் வரை அதைப் போலப் பாக்கியம் வேறில்லை. சத்தம் போடாமல், ஃபிளாஷ் அடிக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். ஆபத்து, கழிவறைக்கு இறங்கும்போதுதான். இறங்கும் முன் டார்ச்சால் நான்கு பக்கமும் நிதானமாகப் பாருங்கள், இரண்டு பேராக இறங்குங்கள், செருப்பை உதறிப் போடுங்கள். எட்டு மணிக்கு மேல் காப்பியும் தண்ணீரும் குறைத்துக்கொண்டால் இந்தப் பயணமே தேவைப்படாது. மது அருந்திவிட்டு ஏணி ஏறுவதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன்: கூடவே கூடாது.

காவலாளி எங்கே படுப்பார், அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். விளிம்புப் பகுதிகளில் செல்பேசி சிக்னல் வந்து வந்து போகும், ஒரு விசில் கழுத்தில் இருந்தால் நல்லது. அவசரத்துக்கு 108. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குச் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டும், இரவில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இதய நோய், கடும் ஆஸ்துமா உள்ளவர்கள் இதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

விடிந்த பின்

ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். பனிமூட்டம் பள்ளத்தாக்கில் தங்கி, உங்கள் உயரத்தில் வானம் தெளிந்திருக்கும் நேரம் அது. செம்மீசைச் சின்னான்கள் காப்பிச் செடிகளில் பேச ஆரம்பித்திருக்கும். பலகையும் ஏணியும் பனியில் நனைந்து வழுக்கும், ஆகவே ஏணியைப் பார்த்தபடி, பின்புறமாக இறங்குங்கள், கையில் காப்பி டம்ளரோடு வேண்டாம். காவலாளிக்கும் சமைத்தவருக்கும் அன்பளிப்பை நேரே கையில் கொடுப்பது நல்லது. மிளகு, காப்பிப் பொடி, பருவத்தில் ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் எஸ்டேட்டிலோ ஊர்ச் சந்தையிலோ வாங்கலாம்.

சொந்த வண்டியில் இறங்குகிறவர்கள் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் ஏறி வரும் வண்டிக்கு முதல் உரிமை, நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். சேலம் பாதையில் நெரிசல் என்று கேள்விப்பட்டால் குப்பனூர் வழியாக இறங்கலாம்.